கப்பல் கோச்சிக்கு எந்த எஞ்சின், எந்த நிறம்?

ஆசிரியர் அவர்கட்கு,

நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபரில் 'செரியாபாணி'யும், அடுத்த ஆண்டு ஓகஸ்ற்றில் 'சிவகங்கை'யும் ஓடத் தொடங்கிய பிறகு, கப்பல் வழியாகத் தென்னிந்தியாவையும் இலங்கையையும் இணைத்த பழைய கப்பல் கோச்சியின், அதாவது 'போட் மெயில்' வண்டியின், படம் எங்கும் கண்ணில் படுகிறது. கலண்டரில், பாடசாலை மதிலில், கண்காட்சித் தட்டியில், சிறப்பிதழ் அட்டையில். ஆசை நல்லது. ஆனால் தலைமன்னாரில் நிற்பதாகக் காட்டும் வண்டிக்கு இந்திய மீற்றர்ப் பாதை (ஒரு மீற்றர் இடைவெளித் தண்டவாளம்) எஞ்சின் பூட்டியிருக்கிறது. தனுஷ்கோடிக் கரையில் நீலப் பெட்டிகள் நிற்கின்றன. 'போட் மெயில்' என்ற தலைப்பின் கீழ் யாழ்தேவி ஓடுகிறது. வண்டி வரைகிறவர் எஞ்சினையும் நிறத்தையும் தன் இரசனைக்குத் தெரிவு செய்ய முடியாது. கடலின் எந்தக் கரை, எந்த ஆண்டு என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்தால், மற்றவை பெரும்பாலும் தாமாகவே முடிவாகிவிடும்.

எல்லாப் பிழைக்கும் தாய்ப்பிழை, சென்னையில் புறப்பட்ட ஒரே வண்டி கப்பலேறிக் கொழும்பு வந்தது என்ற நம்பிக்கை. பயணிகள் பெட்டி எதுவும் அப்படி வரவில்லை, வரவும் முடியாது. தென்னிந்தியப் பக்கம் தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீற்றர், இலங்கையில் 1,676. ஒன்றின் சில்லு மற்றதில் நிற்காது. சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, ஏறக்குறைய 35 கிலோமீற்றர் கடலைக் கப்பலில் கடந்து, தலைமன்னார் இறங்குதுறையில் வேறொரு வண்டி ஏறி மதவாச்சி வழியாகக் கொழும்புக் கோட்டை போனார். ரிக்கற் ஒன்று; வண்டி இரண்டு. இந்த ஏற்பாடு பாம்பன் பாலம் திறந்த 1914 முதல்தான். அதற்கு முந்திய 'போட் மெயில்' தூத்துக்குடிக்குப் போனது. அங்கிருந்து நேரே கொழும்புக்குக் கப்பல். ஆகவே 1910 என்று ஆண்டு போட்டுப் பாம்பன் பாலத்தின் மேல் வண்டி விட்டால் அது கற்பனை.

இரு கரை வண்டிகளையும் வேறுபடுத்த, தண்டவாளத்தை அளந்து பார்க்க வேண்டியதில்லை. வண்டியின் முகத்தைப் பாருங்கள். இலங்கை எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இரண்டு முனையிலும், இடமும் வலமுமாக, பஃபர் எனப்படும் வட்டத் தட்டு இரண்டு இருக்கும். நடுவில் கொக்கியும் திருகிப் பூட்டும் சங்கிலியும் தொங்கும். இந்திய மீற்றர்ப் பாதை வண்டியில் ஓரத்துத் தட்டுகள் இல்லை. இடிதாங்குவதும் இழுப்பதும் நடுவில் உள்ள ஒரே இணைப்பியின் வேலை. கரி படிந்த பழைய படத்திலும் இது தெளிவாகத் தெரியும். அடுத்தது பெட்டியின் பிதுக்கம். மீற்றர்ப் பாதையின் பிற்கால இரும்புப் பெட்டி ஏறத்தாழ 2.74 மீற்றர் அகலம். தண்டவாளமோ ஒரு மீற்றர். இரு புறமும் 87 சென்ரிமீற்றர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முன்னிருந்து பார்த்தால் சின்னக் காலில் பெரிய உடம்பு. பல ஓவியர்கள் இதை 'அழகாக்கி', தண்டவாளத்தை அகட்டிவிடுகிறார்கள். அந்த இடத்திலேயே இந்திய வண்டி இலங்கை வண்டியாகிவிடுகிறது.

நீராவி எஞ்சினுக்குச் சில்லை எண்ண வேண்டும். இலங்கை அரச புகையிரதத்தின் பி 1 வகை 4-6-0: முன்னே சிறு சில்லு நான்கு, இயக்கும் பெரிய சில்லு ஆறு, சாரதி அறையின் கீழ் ஒன்றுமில்லை. அவற்றில் பலவற்றுக்கு ஆளுநர்களின் பெயர். 340ஆம் இலக்க எஞ்சினுக்கு 'பிரெட்ரிக் நோர்த்'. 1949இல் இருந்து இந்திய மீற்றர்ப் பாதையில் பரவிய வை.பி. வகை 4-6-2: சாரதி அறைக்குக் கீழே பின் சில்லு இரண்டு உண்டு. அந்தப் பின் சில்லை வரைந்துவிட்டு 'தலைமன்னார்' என்று எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இணையத்தில் சுலபமாகக் கிடைப்பது வை.பி. படங்கள் என்பதால் வரும் வினை.

டீசலில் ஆண்டுக் கணக்கு இன்னும் கடுமை. இலங்கைப் பக்கம் பிரிட்டனின் எம் 1 வந்தது 1953இல். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த எம் 2 வந்தது 1954இல். ஒன்ராறியோ, அல்பேட்டா, சஸ்காச்சுவான், கியூபெக் என்று அந்நாட்டு மாகாணப் பெயர்கள் தாங்கியவை அவை, 1,425 குதிரைவலு. மொன்றியலில் செய்த எம் 4 1975இல், ஜப்பானின் எம் 5உம் ஜேர்மனியின் எம் 6உம் 1979இல், மறுபடி பிரிட்டனிலிருந்து எம் 7 1981இல். கப்பல் சேவை 1980களில் போரோடு நின்றது. ஆகவே கப்பல் கோச்சிப் படத்துக்கு டீசல் வேண்டும் என்றால் முதலில் இந்தப் பட்டியலுக்குள் தேட வேண்டும். இந்தியாவில் செய்த எம் 8 வந்தது 1996இல். அப்போது தலைமன்னார்ப் பாதையில் ஓடுவதற்குத் தண்டவாளமே கிடையாது. 1990இல் போன பாதை 2015 மார்ச் 14 அன்றுதான் இறங்குதுறை வரை மீண்டது. எம் 8, எம் 9, எம் 10, எம் 11 நான்கில் ஏதாவது ஒன்றையும் கப்பலையும் ஒரே சட்டத்துள் வைத்த படம் எதுவானாலும் சந்தேகத்தோடு பாருங்கள். காங்கேசன்துறையில் எடுத்த இன்றைய படம் மட்டும் விலக்கு.

எம் 2 வரைவோருக்கு ஒரு சொல். முதலில் வந்தவற்றில் ஒவ்வொரு போகிக்கும் (எஞ்சினின் அடியில் சில்லுகளைத் தாங்கித் திரும்பும் சட்டம்) மூன்று அச்சு. மூன்றில் நடு அச்சுக்கு மோட்டார் இல்லை, அது பாரம் தாங்க மட்டும். மோட்டார் இல்லை என்று கேள்விப்பட்டு நடுச் சில்லையே நீக்கி வரைகிறவர்கள் இருக்கிறார்கள். பின்னாளில் வந்த சில எம் 2களுக்கு மெய்யாகவே இரண்டு அச்சுத்தான். எனவே இலக்கத்தையும் போகியையும் ஒரே எஞ்சினின் படத்திலிருந்து எடுக்க வேண்டும், இரண்டு படத்தைக் கலக்கக்கூடாது. சாரதி அறையும் ஒன்றே. ஒரு பக்கம் குட்டை மூக்கு, மறு பக்கம் நீண்ட உடல். இரு முனையிலும் கண்ணாடி வைத்தால் அது வேறு எஞ்சின்.

இந்தியப் பக்கத்தில் மீற்றர்ப் பாதை டீசலான வை.டி.எம். 4 1961இல் இருந்து உண்டு. ஆனால் 1964 டிசம்பர் 22 இரவுப் புயலோடு தனுஷ்கோடிப் பாதை போய்விட்டது. அதன் பின் கப்பல் இராமேஸ்வரத்தில் இருந்துதான் வந்தது. எனவே 'தனுஷ்கோடி' என்று தலைப்பிடுவதானால் நீராவியே பாதுகாப்பு. டீசல்தான் வேண்டுமென்றால் தலைப்பை 'இராமேஸ்வரம்' என்று மாற்றுங்கள். இதே இடத்தில் இன்னொரு திருத்தம்: அன்றிரவு கடல் கொண்டது போட் மெயிலை அல்ல. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன 653ஆம் இலக்கப் பயணிகள் வண்டியை. நூற்றுக்கும் மேற்பட்டோர் போன விபத்தைத் தவறான வண்டியின் பெயரில் எழுதுவது இறந்தவர்களுக்கும் நியாயமில்லை.

இனி நிறம். இந்தியப் பெட்டிகளில் நிறம் ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. 1990கள் வரை சாதாரண மெயில் வண்டிகளின் இரும்புப் பெட்டிகளுக்கு மெரூன் நிறம்; அவற்றுக்கு வெற்றிட பிரேக். காற்று பிரேக் பூட்டிய பெட்டிகளைப் பணியாளர் தூரத்திலேயே இனங்காணும் பொருட்டு, கருநீலமும் இடையில் வெளிர்நீலப் பட்டையும் வந்தன. ஒன்று குழாயில் காற்றை உறிஞ்சி பிரேக்கைத் தளர்த்துவது, மற்றது காற்றை அழுத்தித் தளர்த்துவது. தெரியாமல் இரண்டையும் தொடுத்தால் வண்டி நகராது, நகர்ந்தால் நிற்காது. பிற்காலத்தில் மீற்றர்ப் பாதைப் பெட்டிகளுக்கும் நீலம் அடித்தார்கள் என்பது உண்மை, ஆனால் அதற்குள் கப்பல் நின்று பல ஆண்டு. சிவப்பும் சாம்பலுமான, எல்.எச்.பி. எனப்படும் இன்றைய புதுவகைப் பெட்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆகவே கப்பலுக்கு ஆள் கொண்டுவந்த இந்திய இரும்புப் பெட்டிக்கு மெரூன். நீலம் அடித்தால் பிழை.

இலங்கைப் பக்கம் நம்மவர் கண்ணுக்குப் பழகிய செம்பழுப்பு. இப்போது ஓடும் நீலப் பயணிகள் பெட்டிகள் இந்த நூற்றாண்டில் சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவை. மரப்பெட்டிக் காலத்தைக் காட்ட விரும்பும் ஓவியர், கையில் உள்ள சான்று கறுப்பு வெள்ளைப் படம் மட்டுமென்றால் அதைக் கறுப்பு வெள்ளையாகவே சுவரில் தீட்டுவது நேர்மை. பார்ப்பதற்கும் நன்றாக இருக்கும்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கணினியில் நிறமேற்றுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய ஓர்த்தோகுரோமற்றிக் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. அவற்றில் சிவப்பு வண்டி கறுப்பாகவும், நீலம் வெளிறியும் விழும். கணினி அந்தக் கறுப்பைக் 'கருநீலம்' என்றோ 'கரும்பச்சை' என்றோ ஊகித்து நிறமேற்றிவிடும். பின்வந்த, எல்லா நிற ஒளியும் பதியும் பான்குரோமற்றிக் படச்சுருளில் மெரூனும் கருநீலமும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகத் தெரியும். சாம்பலின் அடர்த்தியை வைத்து நிறம் சொல்ல முடியாது என்பதே இதன் பொருள். படத்தில் உள்ள தேசியக் கொடி, வாழை இலை, பணியாளரின் பச்சைக் கொடி போன்ற நிறம் தெரிந்த ஏதாவது ஒன்றோடு ஒப்பிட்டால் எந்த வகைப் படச்சுருள் என்றாவது பிடிபடும்.

மதிலில் தீட்டும் பாடசாலைகளுக்கு: நம் கரையோரத்தில் படம் கெடுவது வெயிலால் மட்டும் அல்ல, சுவரின் உள்ளிருந்து வரும் உப்பாலும்தான். புதுச் சீமெந்துப் பூச்சை 28 நாளாவது காயவிட வேண்டும். அவசரப்பட்டால் சுவரின் காரம் நிறத்தைத் தின்னும். குறிப்பாகப் பிரஷியன் நீலம் காரம் பட்டுப் பழுப்பாகும். நீலம் தேவையான கடலுக்கும் வானுக்கும் அல்ட்ராமரீன் அல்லது தாலோ நீலம் கேளுங்கள். இரண்டும் காரத்தைத் தாங்கும். உப்பு வெளிவந்து வெள்ளைப் பூ பூத்த சுவரைக் கழுவுகிறபோது, கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் கழுவிய பயனில்லை, உப்பின் மேல் உப்பு. பூத்ததை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்து, கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் பாவித்து, நன்றாகக் காய்ந்த பின் காரம் தாங்கும் பிரைமர் அடிக்க வேண்டும்.

செம்பழுப்புக்கு விலை கூடிய சிவப்பு வேண்டாம். மலிவான சேதனச் சிவப்பு இரண்டு மாரியும் ஒரு கோடையும் தாங்காது, ரோசாவாக வெளிறும். இரும்பு ஒக்சைட், அதாவது நம் காவிச் சிவப்பு, வெயிலுக்கும் காரத்துக்கும் அசையாது. எட்டுப் பங்கு காவிச் சிவப்புக்கு ஒரு பங்கு கறுப்பு என்று தொடங்கி, ஓர் அட்டையில் பூசிக் காயவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் தெரிவதும் காய்ந்து தெரிவதும் ஒன்றல்ல. வெளிற வைக்க வெள்ளை ஊற்ற வேண்டாம், மண்செங்கல் போல் ஆகும். கொஞ்சம் மஞ்சள் காவி போதும். மெரூனுக்கு அதே கலவையில் மிகச் சிறிதளவு அல்ட்ராமரீன் சேர்த்தால் பழுப்பு குறைந்து ஊதா பக்கம் சாயும். இரண்டு வண்டியையும் ஒரே மதிலில் வரையும்போது இந்தச் சிறு வேறுபாடுதான் கண்ணுக்குக் கரை பிரித்துக் காட்டும்.

மாதிரி செய்யும் மாணவர் 1:50 அளவை எடுத்தால் கணக்குச் சுலபம். இலங்கைத் தண்டவாளம் 33.5 மில்லிமீற்றர், இந்தியத் தண்டவாளம் 20 மில்லிமீற்றர். மீற்றர்ப் பாதைப் பெட்டி ஏறக்குறைய 39 சென்ரிமீற்றர் நீளம், 5.5 அகலம். கடையில் விற்கும் 16.5 மில்லிமீற்றர் விளையாட்டுத் தண்டவாளத்தில் இரண்டையும் ஏற்றினால் வேடிக்கையாகிவிடும்: அதன் மேல் இலங்கை வண்டி 1:100 அளவாகவும் இந்திய வண்டி 1:60 அளவாகவும் வரும், மீற்றர்ப் பாதைப் பெட்டி அகலப் பாதைப் பெட்டியை விடப் பெரிதாக நிற்கும். நீதிபதிகள் பரிசும் கொடுத்துவிடுவார்கள்.

யாழ்தேவி பற்றி ஒரு வரி போதும். 1956 ஏப்ரல் 23இல் தொடங்கிய அது கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான பகல் கடுகதி. தலைமன்னார்க் கப்பலோடு அதற்குத் தொடர்பில்லை. யாழ்ப்பாணத்தார் அந்தக் கப்பலுக்குப் போனது மதவாச்சியில் வண்டி மாறி. வடக்குப் பாதையும் தலைமன்னார்ப் பாதையும் மதவாச்சியின் ஒரே பக்கமாகப் பிரிவதால், யாழ்ப்பாணத்திலிருந்து நேர்வண்டி விட்டாலும் அங்கே எஞ்சினைக் கழற்றி மறு முனையில் பூட்டித்தான் அனுப்ப வேண்டும்.

இப்போது காங்கேசன்துறைக் கப்பலுக்கென்று தனி நிறத்தில் தனி வண்டி வேண்டும் என்ற பேச்சு எழுகிறது. நிறம் வேண்டாம் என்பது எம் கருத்து. எஞ்சின்கள் பொதுத் தொகுப்பிலிருந்து சுழற்சியில் வருபவை. இன்று இங்கே வருவது நாளை மட்டக்களப்புக்குப் போகும். பெட்டித் தொடரும் அப்படியே: எட்டுப் பெட்டிக்கு விசேட நிறம் அடித்து வைத்தால், ஒன்று பழுதுபட்ட அன்றைக்கு வேறு நிறப் பெட்டி நடுவில் தொடுக்கப்படும்; இரண்டு வருடத்தில் கதம்பமாகும். கடலோரத்தில் ஓடும் பெட்டிக்கு நிறத்தை விட அடியில் உள்ள பூச்சு முக்கியம். துரு தொடங்குவது வெளியே பளபளக்கும் பக்கத் தகட்டில் அல்ல. கழிவறைத் தளத்தின் கீழும், வாசற்படி ஓரத்திலும், யன்னல் விளிம்பில் தண்ணீர் தேங்கும் மடிப்பிலும்தான். அந்த இடங்களை உப்புப் போகக் கழுவாமல் மேலே புதுப் பெயின்ற் அடித்தால், உள்ளே அடைபட்ட உப்பு ஈரத்தை இழுத்துக் கொப்புளம் போடும். துருவை வெள்ளை இரும்பு தெரியும் வரை சுரண்டி, அன்றைக்கே எபொக்சி பிரைமர், அதன் மேல் பொலியூரித்தேன். மாலையில் சுரண்டி மறுநாள் காலை அடிப்பது கடற்காற்றில் செல்லாது.

நேரமும் ஒரு சிக்கல். இந்தப் பாதை பொல்காவலையிலிருந்து காங்கேசன்துறை வரை ஒற்றைப் பாதை. கடல் கொந்தளித்துக் கப்பல் பிந்தினால், அதற்காக வண்டியை இங்கே மறித்து வைப்பது எதிரே வரும் வண்டிகளையும் நிலையம் நிலையமாக மறிக்கும். முழு வண்டியையும் கப்பலுக்குக் கட்டுவதை விட, நேரத்துக்குப் புறப்படும் வண்டியில் இரண்டு பெட்டியும் பொதிப் பெட்டி ஒன்றும் ஒதுக்கிவிட்டு, கப்பல் தவறினால் அடுத்த வண்டியில் அந்த இடங்களைக் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்தது.

அடையாளம் வேண்டுமென்றால் பலகை போதும். எஞ்சினின் முகத்தில் கழற்றக்கூடிய பெயர்ப்பலகை ஒன்று, ஒதுக்கிய பெட்டிகளின் பக்கத்தில் ஒவ்வொன்று. முகப்புப் பலகை விளக்கையும் இலக்கத்தையும் மறைக்கக்கூடாது. இணைப்பு வேலை செய்கிறவரின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். மேடையின் நடுவிலிருந்து வாசிக்கத் தமிழ் எழுத்துக்கு 15 சென்ரிமீற்றராவது உயரம் தேவை. 'ணை', 'னை' போன்ற சுழி எழுத்துகள் சிறிதானால் கறுப்புப் பொட்டாகிவிடும். பலகை அலுமினியத்தில் இருந்தால், உருக்குத் தாங்கியோடு நேரே முட்டவிட வேண்டாம். உப்புக் காற்றில் இரண்டு உலோகம் தொட்டால் அலுமினியம் மாவாக உதிரும். இடையில் நைலோன் வொஷர் போட்டு, கறையில்லா உருக்கு போல்ற்றால் இறுக்கினால் பலகை நிற்கும்.

இப்படிக்கு,
புகையிரத ஆர்வலர் சிலர்,
யாழ்ப்பாணம்.